நான்கு துளை இறப்பர்

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை மீண்டும் ஓடச் செய்ய முனைவோர் முதலில் நோக்குவது அதன் இரும்பையே. சட்டம் துருவேறியுள்ளதா, பெற்றோல் தாங்கி பொத்துப்போயுள்ளதா, என்ஜின் இறுகிவிட்டதா என்றெல்லாம் ஆராய்வர். ஆயின் வண்டி ஓடாமைக்கான காரணம் பெரும்பாலும் இவற்றில் இருப்பதில்லை. காபரேற்றருக்குள் விரல் நகத்தளவு இடத்தில் ஒடுங்கிக் கிடக்கும் இறப்பர்த் துண்டொன்றிலேயே அது ஒளிந்திருக்கும். ஐம்பது ஆண்டு கழிந்தும் உலோகம் தன் வடிவில் நிற்கும். இறப்பரோ அதற்கு வெகு முன்னரே கல்லாகிவிடும், அன்றேல் களியாகிவிடும்.

வடமராட்சியில், உடுப்பிட்டிக்கு அண்மையில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டுக் கொட்டிலில் நின்ற ஹொண்டா சி 90 வண்டியும் இவ்வாறே ஓடாது நின்றது. நாட்டில் திறந்த பொருளாதாரக் கொள்கை புகுந்து இரண்டு ஆண்டுகளின் பின், 1979 இல், ஆசிரியர் கடன்பட்டு வாங்கிய வண்டி அது. ஜப்பானில் 1958 இல் ஹொண்டா நிறுவனம் வெளியிட்ட ‘சுப்பர் கப்’ என்னும் இனத்தைச் சார்ந்தது. 2017 ஆம் ஆண்டளவில் அவ்வினத்தில் பத்துக் கோடி வண்டிகள் உற்பத்தியாகிவிட்டன என்றால், உலகில் இதைப் போல் எத்தனை கொட்டில்களில் எத்தனை வண்டிகள் சாக்கு மூடி நிற்கும் என்பதை ஊகித்துக் கொள்ளலாம். 2022 இல் பெற்றோலுக்கு இரவு பகலாக மக்கள் வரிசையில் நின்ற நாள்களில், எழுபத்தெட்டு வயதில் அவ்வாறு நிற்க உடல் இடங்கொடாமையால் ஆசிரியர் வண்டியைக் கொட்டிலில் ஏற்றினார். கியூ.ஆர். முறை வந்து வரிசை குறைந்த பின்னரும் அதை இறக்கவில்லை. தாங்கியில் எஞ்சியிருந்த பெற்றோலை வடித்துவிடவும் அவருக்குத் தோன்றவில்லை.

2024 இல் பேராதனையிற் கலைப்பீடத்தில் பயிலும் பேரன் விடுமுறைக்கு வந்தபோது வண்டிக்கு விலை பேசப்பட்டிருந்தது. பழைய வண்டிகளைச் சேகரிக்கும் கொழும்பு அன்பர் ஒருவர் ஓடாத நிலையிலேயே அதனை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். ஆசிரியரின் மனைவிக்கு அதில் முழுச் சம்மதம். ஆசிரியர் மட்டும் பிடிகொடுக்கவில்லை. “ஓடினால் நிக்கட்டும், ஓடாட்டில் போகட்டும்” என்பதே அவர் முடிவு. விடுமுறையோ இரண்டு கிழமை. பேரன் அன்று மாலையே சாக்கை அகற்றினான்.

காபரேற்றரின் தொழில் சிக்கலானதன்று. தாங்கியிலிருந்து இறங்கும் பெற்றோல் கீழுள்ள சிறு கிண்ணத்தில் நிரம்பும். அதனுள் ஒரு மிதவை. கிண்ணம் நிரம்பியதும் மிதவை எழுந்து ஊசி ஒன்றைத் துளையில் அழுத்தி வரவை அடைக்கும். என்ஜின் உறிஞ்சும் காற்று ஒடுங்கிய குழாயினூடாக விரைகையில் அழுத்தம் குறைய, சிறு தாரைகள் வழியே பெற்றோல் மேலெழுந்து காற்றோடு கலக்கும். இவையனைத்தும் பித்தளையும் நாக உலோகக் கலவையும் செய்யும் வேலைகள். எங்கே பெற்றோல் வெளியேறக் கூடாதோ, எங்கே காற்று உட்புகக் கூடாதோ, அங்கெல்லாம் இறப்பர் இருக்கின்றது. கிண்ணத்தின் விளிம்பில் ஒரு வளையம்; என்ஜினோடு காபரேற்றர் பொருந்தும் முகத்தில் மற்றொன்று; பெற்றோலைத் திறந்து மூடும் சிறு பிடியின் பின்னால் நான்கு துளைகளையுடைய வட்டத் துண்டு ஒன்று. சி 90 வண்டியில் அப்பிடி தாங்கியின் கீழ் அன்றிக் காபரேற்றரின் பக்கத்திலேயே அமைந்துள்ளது. பிடியைத் திருப்பும்போது அதன் உட்புறத்துப் பள்ளம் ஒரு துளையை மற்றொன்றோடு இணைக்கும், அல்லது பிரிக்கும். ஆகவே அந்நான்கு துளைத் துண்டு அடைப்பானாகவும் வழியாகவும் ஒருங்கே நிற்கின்றது.

இவற்றுள் ஒவ்வொன்றும் கெடும்போது வெவ்வேறு விதமாக முறையிடும். கிண்ண வளையம் கெட்டால் பெற்றோல் சொட்டும், எவரும் கண்டுகொள்ளலாம். என்ஜின் முகத்து வளையம் கெட்டால் வெளியே எதுவும் தெரியாது. காற்று களவாக உள்ளே நுழையும், கலவை மெலியும், கைப்பிடியை விட்ட பின்னரும் என்ஜின் தானே இரைந்துகொண்டிருக்கும், பிளக் வெளிறிப்போகும். இதனை அறியாத பலர் தாரைகளைக் கழற்றிக் கழுவி, ஆணிகளைத் திருகித் திருகி, இறுதியில் நல்ல காபரேற்றரையே குறைகூறி எறிந்துவிடுவர். ஓர் எளிய சோதனை உண்டு. என்ஜின் ஓடும்போது அப்பொருத்தைச் சுற்றி எண்ணெய் சில துளி விட்டுப் பார்க்க வேண்டும். இரைச்சல் மாறுமாயின் கள்ளன் அங்கேதான் இருக்கிறான்.

பேரன் கழற்றிய காபரேற்றரில் மூன்றும் கெட்டிருந்தன. பெற்றோல் வற்றிக் கிண்ணத்தின் அடியில் பழுப்பு நிறப் பசையாகியிருந்தது. வளையங்கள் வட்ட வடிவை இழந்து தட்டையாகி, நகத்தாற் கீறினால் ஒடியும் நிலையில் இருந்தன. எண்ணெயில் ஊறி வாழ்ந்த இறப்பர் வற்ற விடப்படும்போது சுருங்கும். அதனை மென்மையாக வைத்திருந்த சேர்வைகளைப் பெற்றோல் ஏற்கனவே கரைத்துக் கொண்டு போயிருக்கும். ஓடும் வண்டியைவிட நிற்கும் வண்டியே விரைவிற் கெடுகிறது என்று கராஜ்காரர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கே இறப்பரைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். இலங்கை இறப்பர் நாடு. 1876 இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டனின் கியூ பூங்காவுக்குக் கொண்டு சேர்க்க, அவற்றின் நாற்றுகளிற் பெரும்பகுதி அவ்வாண்டிலேயே இலங்கைக்கு அனுப்பப்பட்டது. கம்பஹாவை அடுத்த ஹேனரத்கொடைத் தோட்டத்தில் அவை நாட்டப்பட்டன. களுத்துறையிலும் கேகாலையிலும் இரத்தினபுரியிலும் தோட்டங்கள் எழுந்தன. விடியுமுன் மரஞ் சீவிப் பால் எடுத்த தொழிலாளருட் பலர் தமிழர். 1952 இல் சீனாவுக்கு இறப்பரைக் கொடுத்து அரிசி வாங்கிய நாடு இது. அத்தகைய நாட்டிற் காபரேற்றருக்கான சிறு வளையத்துக்கு ஏன் வெளிநாட்டை எதிர்பார்க்க வேண்டும் என்று ஒருவர் வினவலாம்.

அதற்கு விடை இரசாயனத்தில் உள்ளது. மரத்தின் பாலிலிருந்து பெறப்படும் இறப்பர் ஓர் ஐதரோகாபன்; பெற்றோலும் ஐதரோகாபனே. ஓரினத்தவை ஒன்றையொன்று ஏற்றுக்கொள்ளும். 1839 இல் சாள்ஸ் குட்இயர் கண்ட முறைப்படி கந்தகம் சேர்த்துச் சூடாக்கிய இறப்பர் பெற்றோலில் முற்றாகக் கரைவதில்லை. கந்தகம் அதன் இழைகளை ஒன்றோடொன்று முடிந்து வைத்திருக்கின்றது. ஆயினும் நீரில் இட்ட உழுந்தைப் போல் ஊதிப் பருத்துவிடும். இதற்கு மாற்றாக 1930களில் ஜேர்மனிய இரசாயனவியலாளர் ஆக்கியதே நைத்திரைல் இறப்பர். அதன் இழையில் ஐதரோகாபனோடு ஒட்டாத நைதரசன் கூறுகள் இடையிடையே சேர்ந்துள்ளமையால் எண்ணெயும் பெற்றோலும் எளிதில் உட்புகா. பிற்காலத்தில், 1957 இல், புளோரின் சேர்ந்த வைற்றன் வந்தது. பெற்றோலை அது மேலும் நன்கு தாங்கும், விலையும் மிகும். பிறேக் எண்ணெய்க்கு இக்கதை தலைகீழாகும் என்பது சுவையான செய்தி. அங்கே இயற்கை இறப்பர் சுகமாக வாழும். கனிய எண்ணெய் ஒரு துளி கலந்தால் அழியும். ஆகவே இறப்பர் நல்லதா கெட்டதா என்ற வினாவுக்குப் பொருளில்லை. எதனுள் இருக்கப்போகிறது என்பதே வினா.

கண்ணுக்குக் கறுப்பு எல்லாம் ஒரே கறுப்பாகத் தோன்றுவதே இவ்விடயத்தில் உள்ள ஆபத்து. பெரியோரும் இதில் இடறியிருக்கின்றனர். இன்று ‘ஓ றிங்’ எனப்படும் வளையத்துக்கு அமெரிக்காவில் 1939 இல் உரிமை பெற்றவர் டென்மார்க்கிற் பிறந்த நீல்ஸ் கிறிஸ்ரென்சன். அப்போது அவர் எழுபதைத் தாண்டியவர். அவ்வளையம் விமானத்துக்கும் சென்றது, விண்ணுக்கும் சென்றது. 1986 சனவரி 28 ஆம் நாள், குளிரில் விறைத்த அத்தகைய வளையம் தன் இடத்தை அடைக்கத் தவறியதால் சலஞ்சர் விண்ணோடம் வெடித்து எழுவர் மாண்டனர்.

பேரன் பிடியைக் கழற்றியபோது உள்ளே கண்டது கம்பனித் துண்டு அன்று. துணியிழை தெரியும் மெல்லிய கறுப்புத் தகடுகள் இரண்டு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கையால் வட்டமாக வெட்டப்பட்டிருந்தன. துளைகள் நான்கும் சற்றே கோணல். அவன் அதனைச் சுரண்டி எடுத்துக் குப்பைக்குப் போடக் கையோங்கியபோது கட்டிலிலிருந்து குரல் வந்தது.

“தம்பி, அதை எறிஞ்சு போடாதை.”

“இது ஆர் அப்பப்பா வெட்டினது?”

“நான்தான். தொண்ணூற்றிரண்டிலை.”

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. உதிரிப்பாகங்களும் வரவில்லை. வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த என்ஜினில் எளிதிற் பற்றாது; ஆகவே முதலில் சில துளி பெற்றோலைக் காபரேற்றரின் வாயில் விட்டு உதைத்து, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு விடுவர். ஆசிரியரின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிறு போத்தல் இருந்தது. அதிலுள்ள பெற்றோல் தங்கத்துக்குச் சமம். புகை கண்ணைக் கரிக்கும், என்ஜின் உள்ளே தட்டும், ஓயில் நீர்த்துப்போகும். ஆனாலும் ஓடியது. அக்காலத்து யாழ்ப்பாணத்துக் கராஜ்காரர் செய்த வேலைகளை எவரேனும் முறையாகத் தொகுத்து எழுதுவாராயின் அது நல்ல நூலாக அமையும்.

1992 இல் சி 90 இன் நான்கு துளை இறப்பர் கிழிந்தது. ஆசிரியர் கற்பித்தது வரலாறு, இரசாயனம் அன்று. சைக்கிள் ரியூப் ஒன்றில் அதே அளவிற் துண்டொன்று வெட்டிப் பொருத்தினார். பார்வைக்கு அச்சொட்டாக இருந்தது. இரண்டு நாள் நன்றாகவும் ஓடியது. மூன்றாம் நாள் இரவு அவர் மனைவிக்குத் தொய்வு கண்டு மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரி ஐந்து மைல். முகப்பு விளக்கைக் கறுப்புத் துணியால் மூடி, மனைவியைப் பின்னால் ஏற்றிப் புறப்பட்டார். நெல்லியடியைத் தாண்டியதும் என்ஜின் இருமி நின்றது. போத்தலில் இருந்த பெற்றோல் முழுவதையும் விட்டு உதைத்தும் பத்து யார் ஓடி மீண்டும் நின்றது. தாங்கியில் எண்ணெய் இருந்தது, கிண்ணத்துக்கு இறங்கவில்லை. ரியூப் துண்டு ஊறிப் பருத்து நான்கு துளைகளும் ஊசிமுனையளவாக ஒடுங்கிவிட்டன என்பதை அவர் மறுநாள்தான் கண்டார். அன்றிரவு கண்டது இருளை மட்டுமே. அவர் வண்டியைத் தள்ள, மனைவி சீற்றைப் பிடித்தபடி அடிக்கு அடி நின்று நின்று நடந்தார்.

“நடக்கேல்லை. மதகிலை இருந்துட்டன். இவர்தான் வண்டியைத் தள்ளிக்கொண்டு தனியப் போனவர், பிறகு திரும்பி ஓடி வந்தவர்” என்று குசினிக்குள்ளிருந்து திருத்தம் வந்தது. ஆசிரியர் மறுக்கவில்லை.

வழியால் வந்த மீன்காரர் ஒருவர் தமது பெட்டியை வீதியோரம் இறக்கி வைத்துவிட்டு அவரைச் சைக்கிள் கரியரில் ஏற்றிச் சென்றார். ஊசி போட்டதும் விடியுமுன் மூச்சு இலேசானது. மீன்காரரின் பெயரைக் கேட்க இருவருக்கும் அப்போது தோன்றவில்லை. அன்று முதல் ஆசிரியரின் மனைவி அவ்வண்டியில் ஏறியதில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகளாக நெல்லியடிச் சந்தைக்கும் பஸ்ஸில்தான் போய் வந்தார்.

அதன் பின் ஒரு மாதகாலம் ஆசிரியர் கண்ட கறுப்பையெல்லாம் சேர்த்தார். ரயர் ரியூப், செருப்பு, தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தின் வாசர், கதவு இடுக்கிற் பதிக்கும் பட்டை என ஒவ்வொன்றிலும் சிறு துண்டு வெட்டி, ஒவ்வொரு தேநீர்க் கோப்பையில் மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்தார். முன்னர் கடுதாசியில் வைத்துப் பென்சிலால் ஓரம் வரைந்து வைத்திருந்த அளவோடு மறுநாள் ஒப்பிட்டார். எல்லாம் பருத்தன. ஒன்று மட்டும் பருக்கவில்லை: ஓடாது கிடந்த ஒஸ்ரின் கார் ஒன்றின் பெற்றோல் பம்பியிலிருந்து கழற்றிய சவ்வு. எண்ணெயில் வாழ்ந்த இறப்பரே எண்ணெயில் வாழும் என்று அவர் கண்டுகொண்டார். நைத்திரைல் என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டதில்லை. பேனா றீஃபிலின் பித்தளைக் குழாயை அரத்தாற் கூராக்கித் துளைகளை இட்டார். அத்துண்டு 2022 வரை நின்றது. பெற்றோல் மணம் சிறிது கசிந்ததேயன்றி ஒருநாளும் வழியில் விடவில்லை.

பேரனிடம் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து நண்பன் மூலம் தருவித்த புதிய இறப்பர்ப் பொதி இருந்தது. வளையங்களும் நான்கு துளைத் துண்டும் பளபளவென்று அழகாக இருந்தன. உறையில் அவை எந்த இறப்பர் என்று எழுதப்படவில்லை. உடனே பூட்ட அவன் விரும்பினான். ஆசிரியர் குசினியிலிருந்து தேநீர்க் கோப்பைகளைக் கொண்டுவரச் சொன்னார்.

“இப்ப இதெல்லாம் கம்பனிச் சாமான் அப்பப்பா.”

“இருக்கட்டும். ஒரு இரவுதானே. படுத்து எழும்பிப் பாப்பம்.”

காலையில் கிண்ண வளையம் பென்சிற் கோட்டுக்குள்ளேயே நின்றது. என்ஜின் முகத்து வளையம் பெருத்துப் பள்ளத்துள் அடங்க மறுத்தது. நான்கு துளைத் துண்டின் துளைகளைப் பார்த்தபோது பேரன் ஒன்றும் பேசவில்லை. அதே பொதி, அதே உறை; ஆனால் ஒன்று நைத்திரைல், மற்றவை வேறேதோ. மலிவுப் பொதிகளை வாங்குவோர் இச்சோதனையைச் செய்யாது பூட்டுவதாலேயே, புதிதாகத் திருத்திய காபரேற்றர் ஒரு கிழமையில் மீண்டும் கழற்றப்படுகின்றது.

அன்றைக்கே அவன் யாழ்ப்பாணம் சென்று, டீசல் பம்பி திருத்தும் கடை ஒன்றில் உள்விட்டத்தையும் தடிப்பையும் சொல்லி ஒரு நைத்திரைல் வளையமும், அதே இனத் தகட்டில் உள்ளங்கையளவு துண்டும் வாங்கி வந்தான். இம்முறை சொல்லாமலே அவற்றையும் ஊற வைத்தான்.

எஞ்சிய வேலைகளை விரிக்க வேண்டியதில்லை. காபரேற்றரைக் கழுவுதிரவத்தில் இடுமுன் இறப்பர் அனைத்தையும் அகற்றினான். அத்திரவம் நல்ல இறப்பரையும் தின்றுவிடும். என்ஜின் முகம் முன்னர் யாரோ அளவுக்கு மிஞ்சி இறுக்கியதால் வளைந்திருந்தது. கண்ணாடித் தகட்டில் மென்மையான அரத்தாளை விரித்து முகம் சமமாகும்வரை தேய்த்தான். வளையத்தில் சிறிது கிறீஸ் பூசினான். இறுக்கும்போது ஆணிகளைச் சிறிது சிறிதாக மாறி மாறித் திருகினான். கசிவைக் கண்டு மேலும் இறுக்குவதே எல்லோருக்கும் வரும் ஆசை. உலோகத்தை வளைத்து வளையத்தை நசுக்குவதன்றி அதனால் விளைவது ஏதுமில்லை.

நான்கு துளைத் துண்டை வெட்டும் வேலை ஆசிரியருடையது என்று இருவரும் எண்ணியிருந்தனர். கை நடுங்கியது. இரண்டு முறை குழாயை வைத்து எடுத்துவிட்டு, அதைப் பேரனிடம் நீட்டினார். பழைய துண்டு கல்லாகியிருந்தமையால் அதுவே நல்ல அச்சாகப் பயன்பட்டது. புதிய தகட்டின்மேல் அதனை வைத்து, அதன் துளைகளினூடாகவே குழாயை ஊன்றி, மேலே சுத்தியலால் ஒரு தட்டு. 1992 இன் கோணல் புதிய துண்டிலும் வந்தது. பேரன் அதனைத் திருத்த முயன்றபோது ஆசிரியர் வேண்டாம் என்றார். பிடியின் பள்ளம் அத்தனை ஆண்டுகளில் அக்கோணலுக்கு ஏற்றபடி தேய்ந்திருக்கும் என்பது அவர் வாதம். இது சரியோ என்னவோ, அப்படியே பூட்டப்பட்டது.

விடுமுறை முடிய மூன்று நாள் இருக்கையில் வண்டி ஐந்தாம் உதையிற் பற்றியது. சிறிது நேரம் இருமி, புகைந்து, பின் நிதானமாக நின்று ஓடியது. பேரன் பொருத்தைச் சுற்றி எண்ணெய் விட்டுப் பார்த்தான், இரைச்சல் மாறவில்லை. பிடியின் கீழ் கடுதாசியைப் பிடித்துப் பார்த்தான், நனையவில்லை. சத்தம் கேட்டு ஆசிரியரின் மனைவி கையைச் சேலைத் தலைப்பிற் துடைத்தபடி வாசலுக்கு வந்து, பழைய துண்டைத் திண்ணையிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“அப்பம்மா, ஏறுங்கோ. சந்தி மட்டும் போய் வருவம்.”

“முதல் நீ தனிய நெல்லியடிக்குப் போட்டு வா” என்றார் அவர். “வரேக்கை ஒரு கிலோ சின்ன வெங்காயம் வாங்கிக்கொண்டு வா. வந்து சேர்ந்தால் பாப்பம்.”

முக்கால் மணித்தியாலத்தில் பேரன் வெங்காயத்தோடு வந்து சேர்ந்தான். அவர் படலையடியிலேயே நின்றிருந்தார். காலில் செருப்புப் போட்டிருந்தார்.